கேபின் சுவருக்கு எந்த ட்ரில்?

கேள்வி: தோப்பில் தங்குவதற்காக போர்ட்டா கேபின் ஒன்று வாங்கினோம். வெளியே தகரம், உள்ளே பலகை. அலமாரி, கர்ட்டன் ராடு மாட்ட ட்ரில் வேண்டும். ஹேமர் (இடித்துக்கொண்டே துளையிடும் வசதி) உள்ளதே எல்லாவற்றுக்கும் ஆகும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: கேபினுக்கு மட்டும்தான் என்றால் ஹேமர் வேண்டாம். அது கல்லையும் கான்கிரீட்டையும் இடித்துப் பொடியாக்குவதற்கு. தகரத்தில் போட்டால் பிட் (துளையிடும் கம்பி) வழுக்கும், பலகையில் போட்டால் பின்பக்கம் பிய்ந்து வரும். 10 மி.மீ. சக் (பிட்டைப் பிடிக்கும் வாய்) உள்ள 12 வோல்ட் பேட்டரி ட்ரில்லே போதும். இரண்டு வேகமும், முன்பக்கம் எண் போட்ட டார்க் (முடுக்கும் விசை) வளையமும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். இரண்டாவது பேட்டரிக்குக் கொடுக்கும் காசு வீணாகாது. தோப்பில் கரன்ட் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்?

அலமாரியின் பாரத்தைப் பலகை தாங்காது. உள்ளே ஓடும் இரும்பு பாக்ஸ் பைப்தான் தாங்க வேண்டும். பழைய ஸ்பீக்கர் காந்தத்தை நூலில் கட்டிச் சுவரோரமாக நகர்த்துங்கள். மேலிருந்து கீழாக ஒரே கோட்டில் எங்கெல்லாம் இழுக்கிறதோ அங்கே பைப் இருக்கிறது. சுவிட்சுக்கு நேர் மேலேயும் கீழேயும் வயர் போகும் என்பதால் அந்த இடங்களை விட்டுவிடுங்கள். வேலை முடியும் வரை மெயினை அணைத்து வையுங்கள்.

இரும்புக்கு எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) பிட்தான். முதலில் 3 மி.மீ. பிட்டால் பலகையையும் பைப்பின் முன் சுவரையும் துளையுங்கள். பிறகு 4 மி.மீ. பிட்டால் அகலப்படுத்துங்கள். தானே மரை வெட்டிக்கொள்ளும் 5 மி.மீ. செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூ அதில் இறுகப் பிடிக்கும். பிட் முனையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மிதமான வேகத்தில், நன்றாக அழுத்திப் பிடியுங்கள். இரும்பு சுருள் சுருளாக வந்தால் பிட் வெட்டுகிறது. கருகிய பொடியாக வந்தால் வெறுமனே உரசுகிறது. உடனே நிறுத்துங்கள். வேகத்தைக் கூட்டி, அழுத்தாமல் சுற்றவிடுவதால்தான் பெரும்பாலான பிட்டுகள் நீலம் பாய்ந்து மழுங்குகின்றன.

எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று அளந்து, பிட்டில் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிக்கொள்ளுங்கள். பைப்பையும் தாண்டி வெளித்தகரத்தைத் துளைத்துவிட்டால் முதல் மழையிலேயே நீர் இறங்கும், துரு உள்ளுக்குள்ளேயே பரவும். அப்படித் துளை விழுந்துவிட்டால் வெளியே சுத்தம் செய்து துரு தடுக்கும் ரெட் ஆக்சைடு பூசி, காய்ந்ததும் சிலிக்கான் வைத்து அடையுங்கள். கூரையில் மட்டும் தயவுசெய்து துளை போடாதீர்கள்.

ஸ்க்ரூவை முடுக்கும்போது டார்க் வளையத்தைக் குறைந்த எண்ணில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். எடுத்த எடுப்பிலேயே முழு விசையில் முடுக்கினால் தலை பலகைக்குள் புதைந்துவிடும்.

கேள்வி: செங்கல் சுவரில் பிட் அரை அங்குலத்துக்கு மேல் இறங்கவில்லை, புகை வருகிறது. இன்னொரு துளையில் ராவல் பிளக் (ஸ்க்ரூ பிடிக்கத் துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் உறை) ஸ்க்ரூவோடு சேர்ந்து சுற்றுகிறது.
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: முதலில் ட்ரிகர் அருகே உள்ள திசை லீவரைப் பாருங்கள். பிட் எதிர்ப்பக்கம் சுற்றினால் எந்தச் சுவரிலும் இறங்காது. அது சரியாக இருந்தால் வரும் பொடியின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் செங்கல். பூச்சு முடிந்த பிறகும் சாம்பல் நிறமாகவே வந்தால் லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலுள்ள கான்கிரீட்) அல்லது பீம். அதற்கு ஹேமர் மோடும் கார்பைடு முனை பிட்டும் வேண்டும். இரும்புத் துகள் மின்னினால் கம்பி. அழுத்திப் பார்க்காமல் 3 செ.மீ. தள்ளிப் போடுங்கள்.

பிளக் சுற்றுவதற்குக் காரணம், அது பூச்சில் மட்டுமே நிற்பதுதான். பூச்சே 12, 15 மி.மீ. இருக்கும். 6 மி.மீ. துளையை 8 மி.மீ. பிட்டால், ஹேமர் இல்லாமல், செங்கலுக்குள் போகும்படி ஆழப்படுத்துங்கள். பொடியை ஊதி எடுத்துவிட்டு (கண்ணாடி அணிந்து, வாயால் அல்ல, சிறு பம்பால்) நீளமான 8 மி.மீ. பிளக்கை அடியுங்கள். தீக்குச்சியைச் சொருகினால் ஒரு மாதத்தில் மீண்டும் தளர்ந்துவிடும்.