12 கிலோவாட் வேண்டாம், முதல்ல ஹீட் லாஸ் கணக்கைக் கேளுங்க

லண்டன் பக்கம் புதுசா கட்டின 130 சதுர மீட்டர் வீட்டுக்கு இன்ஸ்டாலர் 12 கிலோவாட் ஹீட் பம்ப் (வெளிக்காத்துல இருக்கிற சூட்டை இழுத்து வீட்டை சூடாக்குற மெஷின்) போடச் சொல்றார், சரியான்னு கேட்டிருக்கீங்க. என்னைக் கேட்டா வேண்டாம் ப்ரோ. கேஸ் பாய்லர்னா 24 கிலோவாட் போடுவோம், இதுக்கு அதுல பாதின்னு சில பேர் குத்துமதிப்பா அடிச்சு விடுவாங்க, ஆனா பாய்லர்ல அந்த சைஸ் ஷவர்ல உடனே சுடுதண்ணி வரணும்ங்கிறதுக்காக, வீட்டை சூடாக்க இல்ல. ரூம் ரூமா ஹீட் லாஸ் கணக்கு, அதாவது குளிர்ல வீட்டிலிருந்து எவ்வளவு சூடு வெளியே போகுதுன்னு போட்ட பேப்பரைக் கேட்டு வாங்குங்க, வெளியே மைனஸ் 2, உள்ளே 21 டிகிரி மாதிரி வச்சுப் போட்டிருக்கணும். நல்லா இன்சுலேஷன் பண்ண வீட்டுக்கு சதுர மீட்டருக்கு 40 வாட்னு தாராளமா வச்சாலே 5.2 கிலோவாட் தான் வருது!

நான் பெருசா போட்டு மாட்டினவன். அக்டோபர்ல லேசான குளிர்ல மெஷின் அஞ்சு நிமிஷம் ஓடும், நிக்கும், மறுபடி ஓடும்... ராத்திரி பூரா இதே கூத்து, கரண்ட் பில்லும் எகிறிடுச்சு. இன்வெர்ட்டர் மெஷின் (தேவைக்கேத்த மாதிரி வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறது) தானே, தானா குறைச்சுக்கும்னு சொன்னாங்க, ஆனா அதுக்கும் ஒரு அளவு இருக்கு, அதுக்குக் கீழே இறங்காது. அதனால டேட்டாஷீட்ல மினிமம் அவுட்புட் பாருங்க, அப்படியே மைனஸ் குளிர்ல எவ்வளவு தருதுன்னும் பாருங்க, பெட்டி மேல இருக்கிற நம்பர் பெரும்பாலும் 7 டிகிரில டெஸ்ட் பண்ணினது.

அண்டர்ஃப்ளோர் ஹீட்டிங் (தரைக்கு அடியில சுடுதண்ணி பைப்) இருக்குன்னீங்க, அப்போ 35 டிகிரி தண்ணியே போதும். குளிக்கிற தண்ணிக்காக மெஷினை பெருசாக்காதீங்க, 4 பேருக்கு 200, 250 லிட்டர் டேங்க் வச்சுக்கோங்க. கணக்கு கைக்கு வந்ததும் இங்க போடுங்க, பார்த்துட்டு சொல்றேன்.