சுவர் எழுப்பினால் சரிவு நின்றுவிடுமா?

கேள்வி: ஒரு மலைச்சரிவு ஆபத்தானது என்பதைப் பொறியாளர்கள் எவ்வாறு கண்டறிகிறார்கள்? அடிவாரத்தில் உறுதியான கான்கிரீட் சுவர் கட்டிவிட்டால் போதாதா?

பதில்: பெரும்பாலும் போதாது. மண் துகள்கள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருப்பதால் எழும் உராய்வே சரிவைப் பெரிதும் தாங்குகிறது. மழைநீர் உள்ளிறங்கித் துகள்களின் இடைவெளிகளில் அழுத்தம் ஏறும்போது, மண்ணின் எடை கூடும் அதே வேளையில் இந்தப் பிடி தளர்ந்துவிடுகிறது. வடிகால் துளைகளும் சரளைப் படுகையும் இல்லாத சுவர் இந்த நீரைத் தேக்கிவைத்துத் தன் மீதே கூடுதல் சுமையை வரவழைத்துக்கொள்ளும். மண் எந்தத் தளத்தின் மீது வழுக்கி நகர்கிறதோ அந்த வழுக்குப் பரப்பு சுவரின் அடித்தளத்துக்கும் கீழே செல்லுமானால், சுவரும் மண்ணோடு சேர்ந்தே நகர்ந்துவிடும்.

ஆகவே முதல் வேலை அந்தப் பரப்பு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அறிவதுதான். தரை வெடிப்புகள், சாய்ந்த மரங்கள், புதிதாகக் கசியும் ஊற்றுகள், பழைய மண்சரிவின் தடங்கள் ஆகியவற்றை நேரில் பார்த்தபின், துளையிட்டு மண் மாதிரிகளை எடுத்து அவற்றின் வலிமையைச் சோதிப்பார்கள். துளைகளில் பொருத்தும் பீசோமீட்டர் நீரழுத்தத்தையும், இன்க்ளினோமீட்டர் எந்த ஆழத்தில் மண் நகர்கிறது என்பதையும் காட்டும். ஒரு மழைக்காலமாவது கடக்காமல் எடுத்த அளவீடுகளை நான் முழுமையாக நம்பமாட்டேன்.

தாங்கும் விசையைத் தள்ளும் விசையால் வகுத்தால் கிடைப்பது பாதுகாப்புக் காரணி. அது 1 என்றால் சரிவு விளிம்பில் நிற்கிறது என்று பொருள். நிரந்தரச் சரிவுகளுக்குப் பொதுவாக 1.5 அளவை எதிர்பார்க்கிறார்கள். ஆனால் நீர்மட்டம் எங்கே இருப்பதாகக் கொண்டு அந்த எண் கணக்கிடப்பட்டது என்பதையும் கேட்க வேண்டும். அளந்தால் மட்டும் போதாது என்பதற்கு இத்தாலியின் வயோன்ட் நீர்த்தேக்கமே சான்று. அங்கு மலை நகர்வதை ஆண்டுக்கணக்கில் அளந்துவந்தும், 1963 அக்டோபர் 9 அன்று அது நீருக்குள் சரிந்தபோது எழுந்த பேரலையில் ஏறத்தாழ 2,000 பேர் இறந்தனர். அணைச்சுவர் மட்டும் பெரும்பாலும் அப்படியே நின்றது.

சீரமைப்பில் வடிகாலுக்கே முதலிடம் தருவேன். மேலே விழும் நீரைத் திருப்பிவிடும் கால்வாய்களும், சரிவுக்குள் சற்றே மேல்நோக்கிச் செருகப்படும் துளையிட்ட குழாய்களும் செலவை ஒப்பிட்டால் மிகுந்த பயன் தருபவை. உச்சியில் சுமையைக் குறைப்பது, அடியில் பாறைக்கற்களைக் குவிப்பது, எஃகுக் கம்பிகளைச் செருகி மண்ணைப் பிணைப்பது போன்றவை அடுத்து வரும். மரவேர்கள் மேலோட்டமான மண்சரிவுகளையே தடுக்கும். வடிகால் குழாய்கள் நாளடைவில் அடைத்துக்கொள்ளும் என்பதால், மழைக்காலத்துக்கு முன் அவற்றைச் சுத்தம் செய்யும் பொறுப்பு யாருடையது என்பதைத் திட்டத்திலேயே எழுதிவிட வேண்டும்.