சிங்கப்பூரில் ஏழைகளுக்கான சுகாதார அமைப்புக்கு மருத்துவர்தான் தலைவராக இருக்க வேண்டுமா?

குறைந்த வருமானக் குடும்பங்களுக்காகச் சிறிய சுகாதார அமைப்பு ஒன்றைத் தொடங்க நினைக்கிறோம், எங்களில் மருத்துவர் ஒருவர்தான், அவருக்கும் நேரமில்லை, கணக்காளரான நான் தலைமை ஏற்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக ஏற்கலாம். மருத்துவச் சேவை தருவதென்றால் 2020ஆம் ஆண்டின் சுகாதாரப் பராமரிப்புச் சேவைகள் சட்டத்தின்கீழ் உரிமம் வேண்டும். சிகிச்சையின் தரத்துக்குப் பொறுப்பேற்கத் தகுதியுள்ள மருத்துவர் ஒருவரையும் நியமிக்க வேண்டும். அந்தப் பொறுப்பு உங்கள் நண்பருக்கு உரியது, அதற்கு அவர் நேரம் ஒதுக்கித்தான் ஆக வேண்டும். அமைப்பை வழிநடத்துவது வேறு வேலை.

நான் சமூகத் தாதியாக நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். இப்போதும் வாடகை வீட்டு புளோக்குகளுக்குத் தொண்டூழியராகப் போய்வருகிறேன். பல தலைவர்களை அருகிலிருந்து பார்த்ததில், மற்ற எல்லாவற்றையும்விட ஒரு குணத்தைத்தான் நான் முதலில் தேடுவேன். வராத நோயாளி ஏன் வரவில்லை என்று தேடிப் போகும் குணம் அது. மருந்தகத்துக்கு (கிளினிக்குக்கு) வந்தவர்களின் எண்ணிக்கை ஆண்டறிக்கையில் இருக்கும். வராதவர்கள் எந்த அறிக்கையிலும் இருக்க மாட்டார்கள்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இங்கே உதவியே இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. மருத்துவக் கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கான அரசு நிதியான மெடிஃபண்ட் 1993இலிருந்து இருக்கிறது. தனியார் மருந்தகங்களில் கட்டணச் சலுகை தரும் சாஸ் திட்டம் 2012இல் வந்தது, 2019இல் எல்லாக் குடிமக்களுக்கும் விரிவாக்கப்பட்டது. மருத்துவமனைகளில் மருத்துவச் சமூக ஊழியர்கள் இருக்கிறார்கள், வட்டாரங்களில் சமூக சேவை அலுவலகங்கள் இருக்கின்றன. அப்படியிருந்தும் இரத்த அழுத்தத்துக்கு மருந்தே எடுக்காத துப்புரவு ஊழியர்களை நான் தொடர்ந்து பார்க்கிறேன். அரசின் பலதுறை மருந்தகங்கள் (பாலிகிளினிக்) வார நாள்களில் பெரும்பாலும் மாலை நாலரை மணிக்கு மூடிவிடும். நாள் கூலிக்கு வேலை செய்பவருக்கு அங்கே போவதென்றால் அன்றைய வருமானம் போய்விடும். மருந்துக்கான செலவைச் சலுகை ஈடுகட்டும், இழந்த கூலியை யார் தருவார்கள்? வேறு சிலருக்குப் பரிசோதனை என்றாலே பயம். நோய் இருப்பது தெரிந்துவிட்டால் செலவு தொடங்கிவிடும் என்று நினைக்கிறார்கள். இலவசப் பரிசோதனை முகாம்களுக்கு அவர்கள் வராமல் இருப்பது அலட்சியத்தால் அல்ல.

ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்கிறேன். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், ஓரறை வாடகை வீட்டில் இன்னொரு முதியவரோடு பங்கிட்டுக்கொண்டு வாழ்ந்தார். தனி ஆட்களுக்கு இப்படி இருவர் இருவராகத்தான் அப்போது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடு கொடுத்துவந்தது. அவருக்கு நீரிழிவு, காலில் ஆறாத புண். இன்சுலின் கொடுத்தும் சர்க்கரை இறங்கவில்லை. சொன்னபடி கேட்பதில்லை என்று கோப்பில் எழுதியிருந்தது. நாங்கள் சேவை செய்த அறநிறுவனத்தின் தலைவி ஒருநாள் எங்களோடு வீடு பார்க்க வந்தார். அவர் சீனர். பெரியவருக்குத் தமிழும் மலாயும்தான் தெரியும். இருவரும் மலாயில் பேசிக்கொண்டார்கள். இன்சுலின் போட்டுக்கொண்டீர்களா என்று அந்த அம்மையார் கேட்கவே இல்லை. காலையில் என்ன சாப்பிட்டீர்கள், எங்கே வாங்கினீர்கள், மீதியை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டார். மீதியை வைக்க இடமில்லை, குளிர்சாதனப் பெட்டி உடனிருப்பவருடையது, அவரோடு பேச்சுவார்த்தை இல்லை என்றார் பெரியவர். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். அவருடைய மருந்து அந்தப் புழுக்கமான அறையில், கட்டிலுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டின்னில் கிடந்தது.

அந்த வாரமே ஒரு சிறிய குளிர்சாதனப் பெட்டி வந்துசேர்ந்தது. யாரும் செய்யக்கூடிய உதவிதான் அது. ஆனால் அம்மையார் அத்தோடு விடவில்லை. வீட்டுக்குப் போகும் தாதிகள் நிரப்பும் படிவத்தில், மருந்தைக் குளிரில் வைக்க நோயாளிக்குச் சொந்த இடம் இருக்கிறதா என்ற கேள்வியைச் சேர்த்தார். சொன்னபடி கேட்பதில்லை என்ற குறிப்பு இருந்த கோப்புகளையெல்லாம் திரும்ப எடுத்துப் பார்க்கச் சொன்னார். ஒரு மனிதரின் தொல்லையை எல்லோருக்குமான கேள்வியாக மாற்றிய அந்த வேலையைத்தான் நான் தலைமை என்கிறேன். அவர் மருத்துவர் அல்லர்.

வரலாற்றைப் பார்த்தாலும் இப்படித்தான். 1844இல் ஏழைகளுக்கென மருத்துவமனை கட்ட 5,000 டாலர் கொடுத்த டான் டோக் செங், மலாக்காவில் பிறந்து, இங்கே காய்கறியும் கோழியும் விற்று முன்னேறிய வணிகர். இனம், சமயம் பாராமல் இலவசச் சிகிச்சை தரும் தோங் சாய் மருத்துவ நிலையம் 1867இல் சீன வணிகர்களால் தொடங்கப்பட்டது. முதியோருக்கான சாவ் அறநிறுவனத்தை 1993இல் தொடங்கியபோது திருமதி சாவ் இங் யூ ஷுன் எண்பது வயதைக் கடந்திருந்தார். படியிறங்க முடியாதவர்களின் வீட்டுக்கே மருத்துவரும் தாதியும் போகும் நடமாடும் மருந்தகம்தான் அந்த அறநிறுவனத்தின் தொடக்க காலச் சேவை. நடக்க முடியாதவரை மருந்தகத்துக்கு வரச் சொல்வதில் பொருளில்லை என்பதை உணர மருத்துவப் பட்டம் தேவைப்படவில்லை.

மருத்துவர்கள் நல்ல தலைவர்களாக இருந்ததில்லை என்று சொல்ல வரவில்லை. டாக்டர் கோ வெய் லியோங் 2006இல் ஒரு நண்பரோடு சேர்ந்து ஹெல்த்சர்வ் அமைப்பைத் தொடங்கி, வெளிநாட்டு ஊழியர்களுக்கான மருந்தகத்தைக் கேலாங்கில் நடத்தினார். நம் தமிழ்நாட்டுத் தம்பிகளும் வங்காளதேசத்தவரும் சீனத் தொழிலாளர்களும் வேலை முடிந்து வரக்கூடிய நேரத்தில் தொண்டூழிய மருத்துவர்கள் அங்கே அமர்ந்திருப்பார்கள். கட்டணம் சில வெள்ளிதான் (சிங்கப்பூர் டாலர்). வேலை அனுமதிச் சீட்டில் வருபவரின் மருத்துவச் செலவை முதலாளி ஏற்க வேண்டும் என்பது சட்டம். அவருக்காக முதலாளி எடுக்க வேண்டிய மருத்துவக் காப்புறுதியின் (காப்பீட்டின்) குறைந்தபட்சத் தொகையும் 2023 ஜூலையில் 15,000 வெள்ளியிலிருந்து 60,000 வெள்ளியாக உயர்ந்தது. பிறகு எதற்கு இப்படி ஒரு மருந்தகம் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் காப்புறுதி மருத்துவமனையில் தங்குவதற்கும் அறுவை சிகிச்சைக்கும் உரியது. பல்வலிக்கும் தூக்கமின்மைக்கும் அது உதவாது. முதுகுவலி என்று மேற்பார்வையாளரிடம் சொன்னால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து வலியோடு சாரத்தில் ஏறுகிறவனுக்குச் சட்டம் இருப்பது மட்டும் போதாது. தன் மொழியில் பேசும் ஒருவர், முதலாளிக்குத் தகவல் போகாது என்ற உறுதி, ஊரில் கடன் இருப்பதைக்கூடச் சொல்லலாம் என்ற நம்பிக்கை, இவையும் வேண்டும். மருத்துவத்துக்கு அப்பால் மனநல ஆலோசனைக்கும் 24 மணி நேர உதவி எண்ணுக்கும் ஹெல்த்சர்வ் வளர்ந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

இனிப் பணம். நீங்கள் கணக்காளர் என்பதால் இதில் உங்களிடம் அதிகம் எதிர்பார்க்கிறேன். 2005 ஜூலையில் தேசிய சிறுநீரக அறநிறுவனத்தின் விவகாரம் நீதிமன்றத்தில் வெளிவந்த நாள்களை என் வயதுக்காரர்கள் யாரும் மறக்கவில்லை. அன்றைய தலைமை நிர்வாகியின் ஆண்டு வருமானம் ஏறத்தாழ 600,000 வெள்ளி. சேமிப்பில் இருந்த பணம் எத்தனை ஆண்டுகளுக்குப் போதும் என்பதும் நன்கொடையாளர்களுக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை. மாதம் ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி என்று கொடுத்துவந்த சாதாரண மக்கள் ஆயிரக்கணக்கில் நிறுத்திக்கொண்டார்கள். 1969இலிருந்து அந்த அறநிறுவனம் காப்பாற்றிய உயிர்கள் உண்மை. ரத்தச் சுத்திகரிப்புக்காக அதை நம்பியிருந்த நோயாளிகளின் தவிப்பும் உண்மை. தவறு அலுவலக அறையில் நடந்தது, பயம் சிகிச்சை நாற்காலியில் இருந்தவர்களுக்கு. பிறகு நிர்வாகக் குழு மாறியபோது தலைவராக வந்து மக்களின் நம்பிக்கையைத் திரும்பக் கட்டியெழுப்பிய ஜெரார்ட் ஈ, உங்களைப்போல ஒரு கணக்காளர்.

அதற்குப் பிறகு 2007இல் அறநிறுவனங்களுக்கான நல்லாட்சி விதித்தொகுப்பு வந்தது. 100,000 வெள்ளிக்குமேல் வாங்கும் முதல் மூன்று ஊழியர்களின் சம்பளம் எந்த வரம்பில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும், பொருளாளர் தொடர்ந்து நான்கு ஆண்டுகளுக்குமேல் அந்தப் பதவியில் இருக்கக் கூடாது என்றெல்லாம் அது எதிர்பார்க்கிறது. நிதி திரட்டும் செலவு, திரட்டிய தொகையில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற விதியும் இருக்கிறது. இவற்றைச் சுமையாக நினைக்கும் தலைவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. நல்ல நிர்வாகிக்கு நல்ல சம்பளம் கொடுப்பது தவறில்லை. அரைச் சம்பளத்தில் தியாகம் செய்யச் சொல்லி இளம் சமூக ஊழியர்களை இரண்டே ஆண்டில் களைத்துப்போக வைப்பதும் நோயாளிக்குத்தான் கேடு, ஏனென்றால் புதிதாக வருபவரிடம் அவர் தன் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். எவ்வளவு கொடுக்கிறோம், ஏன் கொடுக்கிறோம் என்பதை வெளிப்படையாகச் சொன்னால் போதும்.

மொழியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் முதியவர்களிடம் எல்லாம் புரிந்ததா என்று ஆங்கிலத்தில் கேட்டால் மரியாதைக்காகத் தலையாட்டிவிடுவார்கள். தமிழ் தெரிந்த தொண்டூழியரை நன்கொடை விருந்துக்கு அழைப்பதைவிட மருந்து கொடுக்கும் மேசையில் உட்கார வையுங்கள். நிர்வாகக் குழுவிலும் சேவையைப் பெறுபவர் ஒருவராவது இருக்கட்டும். வாடகை வீட்டில் வாழும் ஒரு தாய் கூட்டத்தில் இருந்தால், சனிக்கிழமை காலை முகாமுக்குப் பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு வருவது என்று கேட்பார். உங்கள் குழுவில் வேறு யாருக்கும் அந்தக் கேள்வி தோன்றாது.

என்னைக் கேட்டால், உடனே அமைப்பைப் பதிவு செய்ய ஓட வேண்டாம். இல்லத் தாதிமை அறநிறுவனம் 1976இலிருந்து வீடு வீடாகப் போகிறது. ஈசூனில் ஸ்ரீ நாராயண மிஷனின் தாதிமை இல்லம் இருக்கிறது. வெளிநாட்டு ஊழியர்கள்மீது அக்கறை என்றால் ஹெல்த்சர்வ் இருக்கிறது. ஏதாவது ஒன்றில் ஓராண்டு தொண்டூழியம் செய்யுங்கள், கணக்கு எழுதும் வேலையை மட்டும் வாங்கிக்கொள்ளாமல் தாதிகளோடு வீடுகளுக்கும் போங்கள். அங்கே யாரும் நிரப்பாத இடைவெளி ஒன்று கண்ணில் பட்டால் அதற்காகத் தொடங்குங்கள். எந்த வட்டாரத்தை மனத்தில் வைத்திருக்கிறீர்கள் என்று கீழே எழுதினால், அங்கே ஏற்கெனவே யார் என்ன செய்கிறார்கள் என்பதில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.