வாசகர் கேள்வி: ஜெனீவாவில் நம் நெல்லுக்காகப் பேசுவது யார்?

கேள்வி: உலக வர்த்தக அமைப்பில் வேளாண்மை பற்றிப் பேசும் இந்தியக் குழுவின் தலைவருக்கு உண்மையில் என்ன வேலை? அமைச்சருக்கு உரை எழுதிக் கொடுப்பது மட்டும்தானா? (வாசகர், மன்னார்குடி)

பதில்: அமைச்சர்கள் கூடுவது எப்போதோ ஒருமுறை நடக்கும் மாநாட்டில்தான்; மற்ற நாட்களில் வழக்காடுவது வணிகத் துறை அதிகாரிகளும் அந்த அமைப்பின் தலைமையகம் இருக்கும் ஜெனீவாவில் உள்ள நம் தூதுக் குழுவினரும். குழுத் தலைவருக்கு முதல் சங்கடம், வாதாட வேண்டிய விஷயம் அவருடைய துறையிலேயே இல்லை என்பது. ஆதரவு விலையைப் பரிந்துரைப்பது வேளாண் அமைச்சகத்தின் கீழ் உள்ள ஆணையம். கொள்முதலும் கையிருப்பும் உணவு அமைச்சகத்தின் பொறுப்பு. மூட்டையை எடை போட்டு வாங்குவதோ உங்கள் ஊர் நேரடி நெல் கொள்முதல் நிலையம். இத்தனை பேரையும் ஒரே கணக்கைச் சொல்ல வைப்பதுதான் அவருடைய அன்றாடப் பாடு.

அந்தக் கணக்கைச் சற்றுப் பாருங்கள். 1995-இல் நடைமுறைக்கு வந்த வேளாண் ஒப்பந்தத்தின்படி, இந்தியா ஒரு பயிருக்குத் தரும் விலை ஆதரவு, அப்பயிரின் உற்பத்தி மதிப்பில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இன்றைய ஆதரவு விலைக்கும் 1986-88 காலத்து விலைக்கும் உள்ள வித்தியாசத்தைத் 'தகுதியுள்ள உற்பத்தி'யால் (ஆதரவு விலை பெறத் தகுதியுள்ள விளைச்சலால்) பெருக்கி ஆதரவைக் கணக்கிடுகிறார்கள். அரிசிக்கு அந்தப் பழைய விலை டன்னுக்கு 3,520 ரூபாய். 2018-19-இல் சாதாரண ரக நெல்லின் ஆதரவு விலையே டன்னுக்கு 17,500 ரூபாய். முப்பது ஆண்டுப் பணவீக்கம் முழுவதும் மானியமாக எண்ணப்படுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆயினும் கையெழுத்திட்டது நாம்தான்.

எனவே சண்டை சொற்களின் பொருள் பற்றியதாகிறது. அரசு வாங்கிய நெல் மட்டுமே தகுதியுள்ளது என்று கொண்டு, டாலரில் கணக்கிட்டு, 10 சதவீதத்துக்குள் இருக்கிறோம் என்றது இந்தியா. விளைந்த நெல் முழுவதையும் சேர்த்து, ரூபாயில் கணக்கிட்டு, 70 சதவீதத்துக்கு மேல் என்று 2018 மே மாதத்தில் எதிர்க்கணக்குக் கொடுத்தது அமெரிக்கா. இரண்டும் 2010-11 முதல் 2013-14 வரையிலான அதே ஆண்டுகளுக்குத்தான்! ஆகவே, வழக்கறிஞருக்குப் பக்கத்து நாற்காலியில் புள்ளிவிவர அதிகாரியை அமர்த்தாத தலைவர், பேசத் தொடங்கும் முன்பே பாதி தோற்றுவிடுகிறார். 2018-19 அரிசிக்கு நம் சொந்தக் கணக்கிலேயே வரம்பு மீறியது. 2013 டிசம்பரில் பாலி மாநாட்டில் பெற்ற 'சமாதான விதி'யை (உணவுக் கையிருப்புக்கான ஆதரவு வரம்பு மீறினாலும் வழக்குத் தொடர்வதில்லை என்ற ஏற்பாட்டை) காட்டித்தான் வழக்கிலிருந்து தப்பினோம்.

கேள்வி: தமிழர் எவரேனும் இத்தகைய குழுவுக்குத் தலைமை தாங்கியதுண்டா? (வாசகி, கரூர்)

பதில்: உண்டு. 2001 நவம்பரில் தோஹாவில் நடந்த அமைச்சர்கள் மாநாட்டில், அன்றைய மத்திய வணிக அமைச்சர் முரசொலி மாறன். முதலீடு, போட்டிக் கொள்கை, அரசுக் கொள்முதல், சுங்க நடைமுறைகளை எளிதாக்கல் ஆகிய நான்கையும் பேச்சுவார்த்தைக்குள் கொண்டுவர வளர்ந்த நாடுகள் முயன்றபோது அவர் மறுத்து நின்றார். மாநாடு ஒரு நாள் நீண்டது. வெளிப்படையான ஒருமித்த சம்மதம் இல்லாமல் அவற்றில் பேச்சு தொடங்காது என்ற மாநாட்டுத் தலைவரின் விளக்கத்தைப் பெற்ற பிறகே இணங்கினார். அந்த நான்கில் மூன்று 2004 ஆகஸ்டில் கைவிடப்பட்டன. அதைப் பார்க்க மாறன் இல்லை. 2003 நவம்பரிலேயே காலமாகிவிட்டார்.