22 மில்லிமீற்றர்: ஒரு கடிதமும் பதிலும்

அன்பின் ஐயா,

வணக்கம். மாதிரிப் புகையிரதங்களைப் பற்றி நீங்கள் எழுதிவரும் குறிப்புகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். நான் பிறந்தது அப்புத்தளையில். என் தந்தையார் தண்டவாளப் பராமரிப்பு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் நான்காம் மாடியில் வசிக்கிறோம். இலண்டனில் இருக்கும் அண்ணா அனுப்பிய, டபிள் ஓ (OO) என்ற பிரித்தானிய மாதிரி அளவிலான எஞ்சின்கள் இரண்டும், பெட்டிகள் ஆறும், 16.5 மில்லிமீற்றர் தண்டவாளமும் என்னிடம் உள்ளன. 12 அடிக்கு 9 அடி அறையொன்றை இதற்கென ஒதுக்கியிருக்கிறேன். பாதை ஒரு சுற்றுச் சுற்றித் தன் நிலையத்துக்குக் கீழேயே சுரங்கத்தில் செல்லும் தெமோதரை வளையத்தையும் ஒன்பது வளைவுப் பாலத்தையும் அதற்குள் அமைத்து, அடுத்த டிசம்பரில் பிள்ளைகளின் பாடசாலை மண்டபத்தில் காட்சிக்கு வைக்க விரும்புகிறேன். எஞ்சின்களின் மேற்கூட்டை மட்டும் நம் நாட்டு எம்2 டீசல் எஞ்சின் போல மாற்றினால் போதாதா? 22 மில்லிமீற்றர் தண்டவாளத்தைக் கையால் செய்ய வேண்டும் என்று நீங்கள் எழுதியது வீண் பிடிவாதம் என்கிறார்கள் நண்பர்கள். ஐம்பது வயதில் இது என்ன விளையாட்டு என்று வீட்டிலும் கேட்கிறார்கள். தங்கள் கருத்தை அறிய ஆவல்.

அன்புடன்,
வெள்ளவத்தை வாசகர்

அன்பின் நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கேள்விகளில் தண்டவாள அகலத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஏனையவை பெரும்பாலும் அதிலிருந்தே பிறக்கின்றன. நமது பாதையில் இரு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள அகலம் 5 அடி 6 அங்குலம், அதாவது 1,676 மில்லிமீற்றர். டபிள் ஓ எஞ்சின்களின் உடல் ஓர் அடிக்கு 4 மில்லிமீற்றர் என்ற கணக்கில் செய்யப்படுவது. நம் பாதையையும் அதே கணக்கில் சுருக்கினால் பின்னம் எதுவும் இல்லாமல் 22 மில்லிமீற்றர் வருகிறது. உங்களிடம் உள்ள 16.5 மில்லிமீற்றரைத் திருப்பிக் கணக்கிட்டால் 4 அடி ஒன்றரை அங்குலம்தான் கிடைக்கும். குறைவது 5.5 மில்லிமீற்றர், 22இல் அது சரியாகக் காற்பங்கு. 1954ஆம் ஆண்டு முதல் கனடாவிலிருந்து வந்த அந்த அகன்ற எம்2 எஞ்சினை இப்படி ஒடுங்கிய பாதையில் நிறுத்தினால், பருத்த உடம்புக்காரர் ஒருவர் இரு பாதங்களையும் ஒட்டிவைத்துக்கொண்டு நிற்பதுபோல இருக்கும். பக்கவாட்டில் பார்க்கும்போது தெரியாது. ஆனால் கண்காட்சிக்கு வருபவர்கள், குறிப்பாகச் சிறுவர்கள், தண்டவாளத்தின் நேர்முனையில் கண்ணை வைத்துத்தான் பார்ப்பார்கள்.

டபிள் ஓ என்பதே ஒரு சமரசத்தில் பிறந்தது. எச்.ஓ. என்ற அளவில் ஓர் அடிக்கு 3.5 மில்லிமீற்றர், அதற்கு 16.5 மில்லிமீற்றர் பாதை பொருத்தமாகவே இருந்தது. பிரித்தானிய எஞ்சின்களின் உடல் சிறியது என்பதால் அக்காலத்து மின்மோட்டார்கள் அந்த அளவுக்குள் அடங்கவில்லை. ஆகவே உடலை மட்டும் 4 மில்லிமீற்றர் கணக்குக்குப் பெருப்பித்துவிட்டுப் பாதையை அப்படியே விட்டுவிட்டார்கள். அவர்களுடைய 4 அடி எட்டரை அங்குலப் பாதைக்கு 18.83 மில்லிமீற்றர் வேண்டும், குறைந்தது 2.33 மில்லிமீற்றர் மட்டுமே. அந்தச் சிறு குறையைப் பொறுக்காதவர்கள் முதலில் 18 மில்லிமீற்றரில், பின்னர் 18.2 ஆக்கப்பட்ட, ஈ.எம். என்ற அளவையும், 1960களில் 18.83இலேயே புரோட்டோஃபோர் என்ற அளவையும் வகுத்தார்கள். 5 அடி 3 அங்குலப் பாதை கொண்ட அயர்லாந்துக்காரர்களில் நுணுக்கம் பார்ப்பவர்கள் 21 மில்லிமீற்றரில் தாமே தண்டவாளம் செய்துகொள்கிறார்கள். இரண்டேகால் மில்லிமீற்றருக்கு இங்கிலாந்தில் இவ்வளவு வாக்குவாதம் நடந்திருக்கும்போது, ஐந்தரை மில்லிமீற்றருக்காக நான் பிடிவாதம் பிடிப்பதை உங்கள் நண்பர்கள் மன்னிக்கலாம்.

கையால் செய்வது நீங்கள் அஞ்சும் அளவுக்குக் கடினமானதும் அல்ல. மின்னணுச் சுற்றுகளுக்குப் பயன்படும் செப்புப் பூச்சுப் பலகையைப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் கேட்டு வாங்கி, மெல்லிய கீற்றுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். தண்டவாளத்தைக் குறுக்கே கிடந்து தாங்கும் சிலிப்பர் கட்டைகளாக இவையே அமையும். கட்டை 9 அடி நீளம் என்று கொண்டால் கீற்று 36 மில்லிமீற்றர் வரும். ஒவ்வொரு கீற்றின் நடுவிலும் செப்புப் பூச்சை அரத்தால் கோடுபோல நீக்கிவிட வேண்டும். மறந்தால் இரு தண்டவாளங்களும் மின்சாரத்தால் இணைந்துவிடும், பிறகு எந்தக் கட்டையில் பிழை என்று தேடியே ஒரு ஞாயிற்றுக்கிழமை கழிந்துவிடும். தண்டவாளக் கம்பியை மட்டும் அண்ணாவிடம் கேட்டு வாங்குங்கள். நிக்கல் சில்வர் என்று பெயர். வெள்ளி அதில் துளியும் கிடையாது, செம்பும் நிக்கலும் நாகமும் கலந்தது. வெள்ளவத்தைக் கடற்காற்றில் இரும்புக் கம்பி சில வாரங்களிலேயே துருப்பிடித்துவிடும். ஒரு தண்டவாளத்தை முதலில் நேராகப் பற்றவைத்துவிட்டு, கடைசல் பட்டறையில் செய்வித்த 22 மில்லிமீற்றர் பித்தளை உருளை அளவிகளை வைத்து மற்றதை அதற்கு இணையாகப் பற்றவைக்க வேண்டும்.

பாதை இரண்டாகப் பிரியும் இடமான பொயின்ற் செய்யும்போதுதான் பொறுமை வேண்டும். சக்கர விளிம்பு நுழைந்து செல்லும் இடைவெளியை எவ்வளவு ஒடுக்குகிறீர்களோ, அவ்வளவுக்கு அது உண்மைப் பொயின்றைப் போலத் தோன்றும். அவ்வளவுக்கு ஒவ்வொரு பிழையும் தண்டிக்கப்படும். புரோட்டோஃபோர் சக்கர விளிம்புகள் மிகவும் குட்டையானவை என்பதால், தண்டவாளத்தின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப அச்சுகள் தனித்தனியே அசைந்துகொடுக்க வேண்டும். முதல் முயற்சிக்கு அது வேண்டாம். ஈ.எம். சக்கரங்களையும் அவர்களுடைய 1 மில்லிமீற்றர் இடைவெளியையும் எடுத்துக்கொண்டு, சோடிச் சக்கரங்களின் உட்பக்கங்களுக்கு இடையே 20.3 மில்லிமீற்றர் இருக்கும்படி பொருத்துங்கள். ஈ.எம். அளவில் அந்த இடைவெளி 16.5, பாதை அகன்ற அதே 3.8 மில்லிமீற்றர் இதிலும் கூடுகிறது, வேறு மாயம் ஒன்றும் இல்லை. பெட்டிகளுக்கு வரும் 26 மில்லிமீற்றர் ஊசிமுனை அச்சுகள் நமக்கு எட்டா. நீண்ட அச்சுகளையும் பட்டறையிலேயே செய்விக்க வேண்டும். அண்ணா அனுப்பிய எஞ்சின்களின் அடிச்சட்டத்தை அகட்ட முடியாது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மோட்டாரும் பற்சக்கரங்களும் உதவும். மேற்கூடுகளைப் பத்திரமாக எடுத்துவையுங்கள்.

இனி அறைக்கு வருவோம். மலைநாட்டுப் பாதையின் ஆகக் குறுகிய வளைவுகளின் ஆரை 5 சங்கிலி, அதாவது 330 அடி. 4 மில்லிமீற்றர் கணக்கில் அது 1.32 மீற்றர் ஆகும். பெட்டியில் அடைத்து விற்கும் டபிள் ஓ வளைவுகளில் சாதாரணமானது 438 மில்லிமீற்றர். பிரித்தானியப் பிரதான பாதைகளின் பெரிய வளைவுகளை அவர்கள் வீட்டு அறைக்குள் கொண்டுவர எவ்வளவு பொய் சொல்ல வேண்டியிருக்கிறது என்று இதிலிருந்தே ஊகிக்கலாம். நமக்கு அந்தப் பொய் தேவையில்லை; மலை ஏற்கெனவே பாதையை வளைத்துக் கொடுத்துவிட்டது. இந்த அனுகூலத்தை நம்மவர்கள் இன்னும் உணரவில்லை என்பது என் நெடுநாள் குறை.

ஆனாலும், தெமோதரை வளையத்தை ஆகக் குறுகிய ஆரையிலேயே முழு வட்டமாக எடுத்தால் விட்டம் 2.64 மீற்றர், ஏறத்தாழ 8 அடி 8 அங்குலம் வரும். உங்கள் அறையின் அகலம் 9 அடி. இருபுறமும் இரண்டிரண்டு அங்குலம் மிஞ்சும். 44க்கு 1 என்ற மலைநாட்டு ஏற்றத்தில் ஒரு சுற்றுக்குப் பாதை 188 மில்லிமீற்றர் உயர்ந்துவிடும். நிலையத்தின் கீழே சுரங்கம் போக அது தாராளம். ஒன்பது வளைவுப் பாலமும் 300 அடி நீளமும் 80 அடி உயரமும் கொண்டது, மாதிரியில் 1.2 மீற்றரும் 32 சென்ரிமீற்றரும். தனித்தனியே பார்த்தால் இரண்டும் அடங்கும். இரண்டையும் வைத்தபின் அடங்காமல் போவது நீங்களும் அறைக் கதவும்தான்.

என் ஆலோசனை வேறு. ஒஹிய, இதல்கஸ்ஹின்ன போன்ற ஒரு சிறு நிலையத்தைத் தேர்ந்தெடுங்கள். 12 அடிச் சுவர் மாதிரியில் 914 அடிக்குச் சமம். இரு பொயின்றுகள், எதிரெதிரே வரும் வண்டிகள் விலகிச் செல்ல ஒரு கிளைப்பாதை, நான்கு பெட்டி கொண்ட வண்டி, மூன்று மொழியிலும் எழுதிய பெயர்ப்பலகை: இவ்வளவுக்கே அந்த நீளம் மட்டுமட்டாகத்தான் போதும். ஒஹியவுக்கும் இதல்கஸ்ஹின்னவுக்கும் இடையில் சுரங்கங்கள் அடுத்தடுத்து வருவது உங்களுக்குத் தெரியும். பார்வையாளர் கண்ணில் படாமல் வண்டிகளை மாற்றி நிறுத்துவதற்கான பின்பாதைகளை, இங்கிலாந்தில் ஃபிடில் யார்ட் என்று சொல்வதை, 9 அடிச் சுவரோரம் சுரங்கவாய்க்குப் பின்னால் மறைத்துவிடலாம். தேயிலைச் சரிவுக்கு மண் தேடி அலைய வேண்டாம். வடித்த தேயிலைச் சக்கையை வெயிலில் காயவைத்து அரித்தெடுத்தால் அதைவிடப் பொருத்தமான செம்மண் தரை வேறு கிடையாது.

பலகை வேலையைத் தொடங்குமுன் உங்கள் தொடர்மாடி மின்தூக்கியின் உட்புறத்தை அளந்துகொள்ளுங்கள். அதற்குள் நுழையாத பலகை கண்காட்சிக்குப் போகாது. கொழும்பின் ஈரப்பதம் அடுத்த எதிரி. நான் முதன்முதலில் காட்சிக்கு வைத்தபோது, மழைநாளொன்றில் மூன்று பலகைகளையும் குளிரூட்டிய ஒரு மண்டபத்துக்குக் கொண்டுபோய், இரவு ஒன்பது மணிக்கு எல்லாவற்றையும் பூட்டி ஓட்டிப் பார்த்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்பினேன். இரவு முழுவதும் குளிரூட்டி ஓடியது. காலையில் பலகைகள் உலர்ந்து சுருங்கி, இணைப்பில் தண்டவாளம் அரை மில்லிமீற்றர் விலகியிருந்தது. நமக்கு அரை மில்லிமீற்றர். வண்டிக்கு அது ஒன்றரை அங்குலப் படி. அதிதிகள் முன்னிலையில் முதல் வண்டி அந்த இடத்தில் கவிழ்ந்தது, இரண்டாவதும் கவிழ்ந்தது, மூன்றாவதை நான் கையால் தூக்கிவைத்தேன். அன்றிலிருந்து ப்ளைவுட் பலகையின் இருபக்கத்துக்கும் விளிம்புகளுக்கும் வார்னிஷ் பூசாமல் ஒரு வேலையும் செய்வதில்லை. பலகை முனைகளில் பித்தளைத் திருகாணிகளை இறக்கி அவற்றின் தலைமேல் தண்டவாளத்தைப் பற்றவைக்கிறேன். பலகைகளைப் பொருத்துவதற்கு உலோக முளைகளும் குழிகளும் இருக்கின்றன. போல்ட் இறுக்குவதற்கு மட்டும்தான்.

மண்டபத்தில் இன்னொரு பாடமும் படித்தேன். எஞ்சினின் ஆணித்தலைகளை எண்ணிப் பார்த்துக் குறை சொல்வார்கள் என்று நான் பயந்திருந்தேன், ஒருவரும் எண்ணவில்லை. ஓய்வுபெற்ற நிலைய அதிபர் ஒருவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அரைமணி நேரம் நின்று பார்த்தார். பிறகு மெதுவாக, “தம்பி, ரெண்டு பக்கத்துக் கைகாட்டியையும் ஒரே நேரத்தில இறக்கி ரெண்டு கோச்சியையும் உள்ளுக்கு எடுக்கிறீர். நான் அப்பிடிச் செய்திருந்தா எனக்குப் பென்சன் வந்திருக்காது,” என்றார். ஒற்றைப் பாதை நிலையத்தில் ஒரு வண்டி வந்து நின்றபிறகே எதிர்வண்டிக்குக் கைகாட்டி இறங்க வேண்டும். அடுத்த நிலையம் வரையிலான பாதைக்குரிய டேப்லட் வட்டு சாரதியின் கைக்கு வராமல் வண்டி நகரவும் கூடாது. அவர் சொன்னபடி மறுநாள் ஓட்டினேன். ஒரு வண்டி வந்து நின்று, மணி அடித்து, எதிர்வண்டிக்காகக் காத்திருந்து புறப்பட நான்கு நிமிடம் சென்றது. ஓயாமல் வட்டமடித்த முதல் நாளில் கடந்து போனவர்கள், அந்த நான்கு நிமிட வெறுமையில் நின்றுவிட்டார்கள். காரணத்தை ஒரு சிறு அட்டையில் எழுதி முன்னால் வைத்தது உதவியது. கட்டுமானத்தில் மில்லிமீற்றர் பார்த்துவிட்டு ஓட்டத்தில் பார்க்காவிட்டால், 22க்காகப் பட்ட பாடு வீண்தான். அந்த இடத்தில் உங்கள் நண்பர்களோடு நானும் உடன்படுகிறேன்.

விளையாட்டா என்ற கேள்விக்கு அதிகம் சொல்ல விரும்பவில்லை. 1925இல் அவுஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த ரோய் இங்லன்ட் என்பவர், தாம் கண்ட கூரைவேய்ந்த கிராமத்து வீடுகள் மறைந்துவருவதைப் பார்த்து, அவற்றை 4 மில்லிமீற்றர் கணக்கில் செய்துவைக்கத் தொடங்கினார். 1954இல் நிறுவப்பட்ட பென்டன் அருங்காட்சியகம் அதிலிருந்து வளர்ந்தது. நம்மிடமும் மறைந்தவை உண்டு. நுகேகொடை வழியே போன 2 அடி 6 அங்குலக் களனிவெளிப் பாதை 1990களில் அகலமாக்கப்பட்டபின், அந்தக் குட்டி வண்டியைக் கொழும்புப் பிள்ளைகள் கண்டதில்லை. உங்கள் அறை இன்னும் சிறியதாக இருந்திருந்தால் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பேன், எச்.ஓ. கணக்கில் அதன் அகலம் 8.75 மில்லிமீற்றர், கடையில் கிடைக்கும் 9 மில்லிமீற்றர் எஞ்சின்களின் அடிச்சட்டத்துக்கு ஏறக்குறையச் சரி.

அடுத்த டிசம்பரை மறந்துவிடுங்கள். மாலை வேளைகளில் மட்டும் வேலை செய்யும் ஒருவருக்கு நிலையமும் பொயின்றுகளும் பிழையில்லாமல் ஓடவே இரண்டு ஆண்டு வேண்டும். உங்களிடம் இருப்பதும் என்னிடம் இல்லாததும் உங்கள் தந்தையார். சிலிப்பர் கட்டைகளை என்ன இடைவெளியில் போட்டார்கள், தண்டவாள மூட்டருகே அவை நெருங்கினவா, வளைவில் வெளித்தண்டவாளத்தை எவ்வளவு உயர்த்தினார்கள், கருங்கல்லை எந்தச் சரிவில் குவித்தார்கள், தண்ணீர் எந்தப் பக்கம் ஓட வழிவிட்டார்கள் என்று அவரிடம் கேட்டு எழுதி, அதன்படி ஒரு மீற்றர் பாதை மட்டும் செய்யுங்கள். வண்டி ஓட வேண்டியதில்லை. பெரியவர் பார்த்துத் திருத்தம் சொன்னபிறகு அதை எனக்குக் காட்டுங்கள். உருளை அளவிகள் இரண்டு சோடி என்னிடம் உள்ளன. ஒரு சோடியை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்.