வாசிக்கிறவன் கை ஓங்க மாட்டானா?

வணக்கம் சேர்,

போன மாதம் எங்கள் சனசமூக நிலையத்தில் பேசும்போது, 'வாசிக்கிறவன் கை ஓங்க மாட்டான்' என்று சொன்னீர்கள். எல்லாரோடும் சேர்ந்து நானும் கைதட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறுத்தத் தொடங்கியது. என் தம்பிக்கு 19 வயது. ஏ.எல். எழுதிவிட்டு வீட்டில் நிற்கிறான். இரவு 2 மணி வரை போன். நோர்வேயில் சுட்டவன், நியூசிலாந்துப் பள்ளிவாசலில் சுட்டவன் எல்லாரைப் பற்றியும் விலாவாரியாகச் சொல்கிறான். இப்போதெல்லாம் 'துரோகி' என்ற சொல் இல்லாமல் அவனுக்கு ஒரு வசனம் முடிவதில்லை. சுட்டவர்கள் இரண்டு பேரும் பக்கம் பக்கமாக எழுதியவர்கள் என்கிறான். அப்படியானால் அவர்களும் வாசித்தவர்கள்தானே? தம்பியின் போனைப் பறிக்கவா, கையில் புத்தகத்தைக் கொடுக்கவா?

க., மல்லாவி

அன்புள்ள க.,

அந்த வரியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். கைதட்டுக்காகச் சொன்னது. மைக்கைக் கண்டால் எனக்கு வாய் கொஞ்சம் நீளும்.

நோர்வேக்காரனையே எடுப்போம். 2011 ஜூலை 22 அன்று 77 பேரைக் கொன்றவன். குண்டு வைக்கப் போகுமுன் மின்னஞ்சலில் அவன் அனுப்பிவிட்டுப் போன ஆவணம் 1500 பக்கத்துக்கு மேல். அதில் பெரும்பகுதி வலைப்பதிவுகளிலிருந்து வெட்டி ஒட்டியது. அமெரிக்காவில் தபாலில் குண்டு அனுப்பிக்கொண்டிருந்த ஒருவனின் அறிக்கையிலிருந்தும் பந்திகளைத் தூக்கி, எதிரியின் பெயரை மட்டும் மாற்றிப் போட்டிருக்கிறான். இருபது வருசமாகக் கட்டுரைக் கொப்பி திருத்துகிறேன், இந்த வேலை எனக்கு நன்றாகத் தெரியும். பக்கத்து மேசைக்காரன் பசுவைப் பற்றி எழுதியதை அப்படியே பார்த்தெழுதி 'பசு' வந்த இடமெல்லாம் 'ஆடு' என்று போடுவான்கள். அப்புறம் 2019 மார்ச் 15, நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் பள்ளிவாசல்கள், 51 பேர். அவன் நோர்வேக்காரனைப் பின்பற்றியவன். 2022இல் அமெரிக்காவின் பஃபலோவில் 10 கறுப்பினத்தவர்களைக் கொன்ற 18 வயதுப் பொடியன், கிறைஸ்ட்சேர்ச்காரன் எழுதியதில் பெரிய பெரிய துண்டுகளை அப்படியே எடுத்துப் போட்டிருந்தான். கிறைஸ்ட்சேர்ச் தாக்குதலை விசாரித்த அரச ஆணைக்குழுவிடம் அந்தக் கொலையாளி, தனக்கு அதிகம் தந்தது யூரியூப்தான் என்று சொல்லியிருக்கிறான்.

வெள்ளைக்காரர் கிடக்கட்டும். 2019 ஈஸ்டர் ஞாயிறன்று இலங்கையில் குண்டு வைத்து 250க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றவர்களின் தலைவன் சஹ்ரான் பேசிய உரைகள் எந்த மொழியில் இருந்தன? நானும் நீங்களும் பேசுகிற இதே தமிழில்.

இனி என் கதை. 1996இல் கிளிநொச்சியை விட்டு ஓடி, ஸ்கந்தபுரத்தில் ஒரு கொட்டிலில் இருந்தோம். எனக்கு வயது 17. மண்ணெண்ணெய் பொன் மாதிரி. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, பஞ்சில் சில துளி எண்ணெய், ஒரு நூல் திரி, அதுதான் விளக்கு. எங்கேயோ ஒரு நாட்டில் துவக்குத் தூக்கிய ஒருவனின் வாழ்க்கைக் கதை, மட்டை இல்லாத புத்தகம், எனக்கும் கூட்டாளிக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று கிடைத்தது. நடுவில் பிரித்து முன்பாதியை அவன் கொண்டுபோனான், பின்பாதி எனக்கு. அடுத்த இரவு மாற்றிக்கொண்டோம். இரண்டு கிழமையில் அவன் புலிகள் இயக்கத்துக்குப் போய்விட்டான்.

அவன் முதலில் வாசித்தது புறப்படலை, நான் முதலில் வாசித்தது சாவை, அதனால்தான் நான் போகவில்லை என்று சிறுகதையாக எழுதினால் நன்றாக இருக்கும். உண்மை அப்படியில்லை. ஓடி வரும் வழியில் அவனுடைய தங்கச்சி செல் விழுந்து செத்துப்போனாள். என் அம்மா மலேரியாவில் கிடந்தா, பார்க்க வேறு ஆளில்லை. அவ்வளவுதான். புத்தகம் அவனைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. உள்ளே ஏற்கனவே எரிந்துகொண்டிருந்ததற்கு அது ஒரு பெயர் கொடுத்தது. 'பொறடா, இந்தப் புத்தகத்தில் இன்ன இடம் பிழை' என்று சொல்ல அந்தக் கொட்டில்களில் ஆளில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இருந்தவர்களும் மெல்லத்தான் பேசினார்கள். சத்தமாகப் பேசினால் கிடைக்கும் பெயர், உங்கள் தம்பியின் வசனத்தில் வருகிறதே, அதேதான்.

எங்கள் ஆட்களுக்கு வாசிப்பில் பெருமை அதிகம். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் எரிந்தது 97,000 நூல் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம். அதற்கு ஒன்பது வருசம் கழித்து, 1990 ஒக்ரோபரில், வடக்கின் முஸ்லிம் சனங்களைப் புலிகள் வீடு வாசலை விட்டு வெளியேற்றினார்கள். அந்த நூலகத்துக்காக அழுத எத்தனை பேர் அன்று வாய் திறந்தார்கள்? நான் கைதட்டு வாங்கிய வரி அந்த மாதத்திலேயே செத்துவிட்டது.

ஆனால் ஜாம் போத்தல் விளக்கில் எண்ணெய் முடியும். புத்தகமும் முடியும். தம்பியின் போன் முடிவதில்லை. போன கிழமை பக்கத்து வீட்டுப் பொடியனிடம் போனை வாங்கி அரை மணித்தியாலம் தள்ளிப் பார்த்தேன். முதலில் இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறக்கிறார்கள், நல்ல வடிவு. அடுத்தது வயல். அடுத்தது 'எங்கள் காணி பறிபோகுது', பின்னால் துவக்குச் சத்தத்தோடு ஒரு பாட்டு. நாலாவதன் கீழே, யாருக்கு எப்போது 'பாடம் படிப்பிக்க வேண்டும்' என்று ஆட்கள் எழுதியிருக்கிறார்கள், சிலர் பனி கொட்டும் ஊர்களில் இருந்து. காணிப் பிரச்சினை பொய் என்று நான் சொல்லவில்லை. 2017இல் முல்லைத்தீவின் கேப்பாப்புலவுச் சனம் இராணுவம் வைத்திருந்த தங்கள் காணிக்காக மாதக்கணக்கில் வீதியோரத்தில் குந்தியிருந்தது எனக்குத் தெரியும். அந்த வெயிலும் அந்தப் பொறுமையும் பதினைந்து விநாடி வீடியோவுக்குள் அடங்காது. துவக்குச் சத்தம் அடங்கும்.

போனைப் பறிக்க வேண்டாம். பறித்துப் பார்த்த அரசாங்கத்தைக் கண்டோமே. 2018 மார்ச்சில் கண்டிக்குப் பக்கத்தில் திகனயில் முஸ்லிம்களின் கடைகள் எரிந்தபோது பேஸ்புக்கை மறித்தார்கள், ஈஸ்டருக்குப் பிறகும் மறித்தார்கள். இரண்டு தடவையும் மறிக்குமுன்பே பெருஞ்சேதம் நடந்துவிட்டிருந்தது.

புத்தகம் கொடுப்பதிலும் எனக்கு இப்போது பழைய அவசரம் இல்லை. அவனோடு ஒரு இரவு 2 மணி வரை முழித்திருந்து, அவன் பார்ப்பதைக் கூடப் பாருங்கள். 'இதைச் சொல்கிறவன் யார், எங்கே இருந்து சொல்கிறான்' என்று இடையிடையே கேளுங்கள். ஏசுவான், பரவாயில்லை. சனிக்கிழமை பின்னேரம் நான் உங்கள் நிலையத்துக்கு வருகிறேன். தம்பியைப் போனோடு கூட்டி வாருங்கள், எனக்கும் அவன் கொஞ்சம் காட்டட்டும். போனை வீட்டிலேயே சார்ஜ் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். உங்கள் நிலையத்துப் பிளக் வேலை செய்யாது என்று ஞாபகம்.