பழைய ஆலை வளவும் புதிய ஓசையும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் வீட்டுக்கு அடுத்த வளவில் முன்னர் அரிசி ஆலை ஒன்று இயங்கியது. போர்க்காலத்தில் மூடப்பட்ட அந்த ஆலையை வெளிநாட்டில் வாழும் ஒருவர் வாங்கியிருக்கிறார். கட்டடங்களை இடித்துவிட்டு, முன்புறத்தில் கல்யாண மண்டபமும் பின்புறத்தில் தொடர்மாடி வீடுகளும் கட்டப் போகிறார்கள். சுமார் அறுபது மீற்றர் தூரத்தில் ஆரம்பப் பாடசாலை இருக்கிறது. ஒலியைப் பற்றி அயலவர்கள் கேட்டபோது, ஆலை ஓடிய காலத்தில் இதைவிடக் கூடிய சத்தம் இருந்தது, ஆகவே மண்டபத்தால் புதிய பாதிப்பு எதுவும் இல்லை என்று ஒரு பக்க அறிக்கை தந்தார்கள். இந்த வாதம் சரியா? நாங்கள் எதைக் கேட்க வேண்டும்?
— வாசகர், கோண்டாவில்

பதில்: இந்த வாதம் சரியன்று. ஒலித் தாக்கத்தை மதிப்பிடும்போது ஒப்பிட வேண்டியது இன்றைய அமைதியோடு. முப்பது ஆண்டுகளுக்கு முன் ஓடிய இயந்திரத்தோடு அன்று. நின்றுபோன ஆலை, தான் எழுப்பிய சத்தத்தை ஒரு உரிமையாகக் காணியோடு சேர்த்து எழுதிவைத்துவிட்டுப் போவதில்லை. குடாநாட்டின் மிகப் பெரிய பழைய தொழிற்சாலை வளவான காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் 1990இல் உற்பத்தி நின்றது. அதன்பின் பிறந்தவர்கள் இன்று பிள்ளை பெற்றுவிட்டார்கள். அந்த வளவில் நாளை எது வந்தாலும், அன்றைய சூளையின் இரைச்சலை அளவுகோலாக வைத்து, மீளக் குடியேறிய மக்களிடம் "இது குறைவுதான்" என்று எவரும் சொல்ல முடியாது. உங்கள் அயலில் உள்ள ஆலைக்கும் இதே நியாயந்தான்.

எனவே நீங்கள் முதலில் கேட்க வேண்டியது பின்னணி ஒலி அளவீடு. அளக்கும் காலத்தின் மிக அமைதியான பத்தில் ஒரு பங்கு நேரம் தவிர, மற்றெல்லா நேரமும் எந்த மட்டத்துக்குக் கீழே ஒலி இறங்கவில்லையோ அதுவே பின்னணி மட்டம். மோட்டார் சைக்கிளோ கடவையில் ஊதும் ரயிலோ அதனைப் பெரிதாக உயர்த்துவதில்லை. முழு நேரத்துக்கும் சமமான சராசரி மட்டம் என்பது வேறு. ஒரு ரயில் வந்து போனாலே அது ஏறிவிடும். உங்கள் பகுதியூடாகக் காங்கேசன்துறை ரயில் பாதை செல்வதால் இவ்விரண்டுக்கும் இடையிலான இடைவெளி பெரிதாகவே இருக்கும். சராசரியை மட்டும் காட்டி "இங்கே ஏற்கெனவே சத்தந்தானே" என்று முடிக்கும் அறிக்கையை ஏற்காதீர்கள்.

எப்போது அளக்கிறார்கள் என்பதும் முக்கியம். கோயில் திருவிழா நாட்களில் எடுத்த அளவு அந்த ஊரின் வழமையைக் காட்டாது. சோளகம் (தென்மேற்குக் காற்று) பலமாக வீசும் மாதங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. வளவின் ஓரத்தில் நாலு பனை நின்றாலே காவோலை மட்டையில் மோதும் சலசலப்பு பின்னணியைக் கணிசமாக உயர்த்திவிடும். காற்று விழுந்த இரவில் அந்தத் திரை இருக்காது. காற்று வினாடிக்கு ஐந்து மீற்றருக்கு மேல் வீசும்போது எடுத்த அளவுகளைத் தள்ளிவிடுவதே பொதுவான நடைமுறை. மைக்குக்குக் காற்றுத்தடுப்பு உறை இருக்க வேண்டும். அது நிலத்திலிருந்து ஏறத்தாழ 1.2 முதல் 1.5 மீற்றர் உயரத்திலும், சுவர் மதில்களிலிருந்து விலகியும் நிற்க வேண்டும். சுவருக்குக் கிட்ட வைத்து அளந்தால் தெறிப்பொலியும் சேர்ந்து சுமார் மூன்று டெசிபல் கூடிவிடும். பின்னணி கூடியதாகப் பதிவானால் பயனடைவது கட்டுபவர் என்பதையும் கவனியுங்கள்.

இனி சட்டம். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1996இல் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் வெளியாகின. ஒலி எழும் காணியின் எல்லையில், பிரதேச சபைப் பகுதியாயின் பகலில் 55, இரவில் 45 டெசிபலும், மாநகர, நகர சபைப் பகுதியாயின் பகலில் 63, இரவில் 50 டெசிபலும் உச்ச வரம்பு. பாடசாலை, வைத்தியசாலை, நீதிமன்றம், பொது நூலகம் போன்றவற்றின் எல்லையிலிருந்து நூறு மீற்றருக்குள் அமைந்த இடம் அமைதி வலயம் ஆகும். அங்கே பகலில் 50, இரவில் 45. நீங்கள் சொல்லும் தூரம் சரியானால் அந்த வளவு, குறைந்தபட்சம் அதன் ஒரு பகுதி, அமைதி வலயத்துக்குள் வருகிறது. பலர் கவனிக்காத ஒன்றும் உண்டு: இந்த விதிகளில் இரவு என்பது மாலை ஆறு மணிக்கே தொடங்கிவிடுகிறது. மண்டபத்தின் வரவேற்பு வைபவம் முழுவதும் இரவு வரம்புக்குள்ளேயே நடக்கும்.

அந்த அறிக்கையில் மண்டபத்தின் மின்பிறப்பாக்கியைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள். விபரத்தாளில் "7 மீற்றரில் 75 டெசிபல்" என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஆறு டெசிபல் குறையும். ஆகவே 14 மீற்றரில் 69, 28 மீற்றரில் 63, 56 மீற்றரில் 57. அதாவது, உங்கள் மதில் 14 மீற்றரில் இருந்தால் இரவு வரம்பைவிட 24 டெசிபல் அதிகம். படுக்கையறை 28 மீற்றரில் இருந்தால் யன்னலுக்கு வெளியே 63 டெசிபல் வந்து சேரும். ஐரோப்பிய அறிக்கைகளிலிருந்து எடுத்த வாய்பாடுகள் மூடிய யன்னல் இருபத்தைந்து டெசிபலுக்கு மேல் தடுக்கும் என்று கணக்கிடும். எங்கள் வெக்கைக்கு யார் யன்னலை மூடிக்கொண்டு படுக்கிறார்கள்? திறந்த யன்னல் பத்து முதல் பதினைந்து டெசிபலையே தடுக்கும். அப்படியாயின் அறைக்குள் ஐம்பதை ஒட்டி நிற்கும். நல்ல தூக்கத்துக்கு அறைக்குள் 30 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 1999இல் தந்த வழிகாட்டல். திறந்த யன்னல் கணக்கில் உள்ளதா என்ற ஒரு கேள்வியை மட்டும் கேட்டாலே, அறிக்கை இந்த ஊருக்காக எழுதப்பட்டதா, வேறெங்கோ இருந்து பிரதி செய்யப்பட்டதா என்பது வெளிப்பட்டுவிடும்.

மதில் கட்டித் தருகிறோம் என்பார்கள். மதில் நல்லது, ஆனால் ஒலி எழும் இடத்துக்கும் கேட்பவர் காதுக்கும் இடையிலான நேர்ப்பார்வையை மறைத்தால்தான் பயன். மட்டுமட்டாக மறைக்கும் மதில் ஐந்து டெசிபல் அளவில் குறைக்கும். நன்கு உயர்ந்த, இடைவெளியில்லாத மதிலும் பதினைந்துக்கு மேல் தருவது அரிது. கிடுகு வேலியும் பனையோலை வேலியும் பார்வையை மறைக்குமேயன்றி ஒலியை மறைக்க மாட்டா, ஏனெனில் ஒலியை நிறுத்துவது பாரம். மாடிக் குடியிருப்பாளருக்கு எந்த மதிலும் உதவாது. ஆகவே மின்பிறப்பாக்கிக்கு ஒலித்தடுப்புக் கூடும், புகைபோக்கிக்கு நல்ல மௌனியும் (சைலன்சர்), அவை உங்கள் பக்கமோ பாடசாலைப் பக்கமோ பாராமல் றோட்டுப் பக்கம் பார்க்கும் அமைவும் வரைபடத்திலேயே இடம்பெற வேண்டும். கட்டிய பின் இடம் மாற்றுவது எவராலும் ஆகாத காரியம்.

மண்டபத்துக்குள் எழும் இசையை வேறாக நோக்க வேண்டும். காலை முகூர்த்தத்தின் நாதசுரமும் தவிலும் ஒரு வகை. இரவு விருந்தின் பெரிய ஒலிபெருக்கிகள் இன்னொரு வகை. பின்னதன் ஆழ்ந்த தாள ஒலி தகரக் கூரையையும் சீற்றுக் கூரையையும் ஊடுருவி வரும். வழமையான டெசிபல் அளவு மனிதக் காதின் உணர்திறனைப் பின்பற்றுவதால், 63 ஹேட்ஸ் அளவிலான தாழ்ந்த ஒலியில் 26 டெசிபலைக் கழித்துவிடுகிறது. கருவியில் வரம்புக்குள் என்று காட்டும். வீட்டில் அலுமாரிக் கண்ணாடி அதிரும். தாழ்ந்த அதிர்வெண்களைப் பட்டை பட்டையாக அளந்து தருமாறு எழுத்தில் கேளுங்கள். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி தனியாகத் தேவை என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். விருந்து முடிந்து இரவு பதினொரு மணிக்கு வாகனங்கள் ஒன்றாகக் கிளம்பும் நேரமும் கணக்கில் வர வேண்டும்.

இடிப்பு வேலை இவை எல்லாவற்றுக்கும் முன்னே வரும். கட்டுமானத்துக்கு எல்லையில் பகலில் 75, இரவில் 50 டெசிபல் என்று விதிகள் தனியாக இடமளிக்கின்றன. பகல் வரம்பு தாராளமானது. பாடசாலை நேரத்தில் பிறேக்கர் (கொங்கிறீற்று உடைக்கும் இயந்திரம்) ஓடினால் வகுப்பு நடக்காது. சத்தமான வேலைகளைப் பாடசாலை விட்ட பின்னரும் விடுமுறைக் காலத்திலும் வைக்க ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். எங்கள் நிலத்தில் சுண்ணாம்புக்கற் பாறை மிக ஆழத்தில் இல்லை. அத்திவாரத்துக்காகப் பாறையை உடைக்கும்போது எழும் அதிர்வு சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய வீடுகளுக்கு நல்லதன்று. வேலை தொடங்குமுன் உங்கள் சுவர்களில் ஏற்கெனவே உள்ள வெடிப்புகளை இரு தரப்பும் சேர்ந்து படம் எடுத்துத் திகதியிட்டு வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: பழைய ஆலையின் தடித்த கற்சுவர் உங்கள் பக்கம் நிற்குமானால் அதை முதலில் இடிக்க விடாதீர்கள். உள்ளே நடக்கும் வேலைக்கு அதைவிடச் சிறந்த தடுப்பு கிடைக்காது. அதைக் கடைசியாக இடிக்கலாம், அல்லது இடிக்காமலே விடலாம்.

இதையெல்லாம் யாரிடம் கேட்பது? 1993ஆம் ஆண்டின் வர்த்தமானியில் சுற்றாடல் தாக்க மதிப்பீடு கட்டாயமான பெருந்திட்டங்கள் பட்டியலிடப்பட்டுள்ளன. இந்த அளவிலான மண்டபம் அதற்குள் வராது. ஆகவே கட்டட அனுமதி கொடுக்கும் பிரதேச சபையிடம், அனுமதி வழங்குமுன், ஒலி மதிப்பீட்டை நிபந்தனையாக்குமாறு அயலவர்கள் எல்லோரும் ஒப்பமிட்டு விண்ணப்பியுங்கள். பிரதியை மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கும் பாடசாலை அதிபருக்கும் கொடுங்கள். கட்டி முடிந்தபின் தொந்தரவு தாங்கமுடியாமற் போனால், 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின் கீழ் பொதுத் தொல்லை என்று நீதவான் நீதிமன்றத்தை நாடலாம். ஆனால் அந்தப் பாதை நீண்டது. வரைபடம் மேசையில் இருக்கும்போதே பேசுவது எவ்வளவோ மேல்.

கேள்வி: நான் இருபது வருடமாக மரம் அரியும் ஆலை நடத்துகிறேன். பக்கத்தில் பாழடைந்து கிடந்த எண்ணெய் ஆலைக் காணியைத் துண்டுபோட்டு வீடுகள் கட்டப் போகிறார்கள். குடிவந்த பின் என் ஆலையை மூடச் சொல்வார்களோ என்று பயமாக இருக்கிறது.
— வாசகர், சுன்னாகம்

பதில்: உங்கள் பயம் நியாயமானது. பழைய தொழில் வளவுகளில் வீடு கட்டும்போது பெரும்பாலும் கேட்கப்படாத கேள்வி இதுதான். புதிய கட்டடம் அயலுக்கு என்ன சத்தம் கொடுக்கும் என்று பார்ப்பார்கள். அயலின் சத்தம் புதிதாக வருபவருக்கு என்ன செய்யும் என்று பார்ப்பதில்லை.

அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2014இல் இசை அரங்குகளுக்காகவும், இங்கிலாந்து 2018இல் தன் தேசியத் திட்டமிடல் கொள்கையிலும் ஒரு நெறியை ஏற்றுக்கொண்டன: மாற்றத்தைக் கொண்டுவருபவரே அதன் ஒலிச் சிக்கலுக்குத் தீர்வும் செலவும் ஏற்க வேண்டும். எங்கள் 1996 ஒழுங்குவிதிகள் யார் முதலில் வந்தவர் என்று பார்ப்பதில்லை. எல்லையில் என்ன அளவு என்றே பார்க்கின்றன. எனவே முந்தி வந்தவர் என்ற ஒன்றை மட்டும் நம்பியிராதீர்கள்.

வீடுகளுக்கு அனுமதி கேட்கும் இக்கட்டத்திலேயே உங்கள் ஆலை இயங்கும் நேரத்தையும் எல்லையில் அதன் ஒலி மட்டத்தையும் முறைப்படி அளந்து பிரதேச சபைக்குக் கொடுங்கள். சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்தைப் புதுப்பித்து வைத்திருங்கள். காணியைத் துண்டுபோடுபவரிடம், உங்கள் பக்கத்தில் உள்வீதியையும் வாகனத் தரிப்பையும் வைத்து வீடுகளைத் தள்ளி அமைக்கவும், படுக்கையறைகள் மறுபக்கம் பார்க்கவும் கேளுங்கள். அவருக்கு அது ஒரு வரைபடத் திருத்தம் மட்டுமே.

உங்கள் பக்கத்தில் செய்யக்கூடியவையும் உண்டு. வாள் மரத்தில் ஏறும் அந்தக் கூர்மையான கீச்சொலி, அதே அளவான சீரான இரைச்சலைவிட அதிகம் உறுத்தும். பிரித்தானியாவின் 2014ஆம் ஆண்டுத் தொழில் ஒலி மதிப்பீட்டு நியமம், இவ்வாறு தனித்துக் கேட்கும் சுரத்துக்கு ஆறு டெசிபல் வரையும், திடீர் அடியொலிக்கு ஒன்பது வரையும் மேலதிகமாகச் சேர்க்கச் சொல்கிறது. அப்படிச் சேர்த்த பின் பின்னணியைவிடப் பத்து டெசிபல் கூடினால், சூழலைப் பொறுத்துக் குறிப்பிடத்தக்க பாதிப்பாகலாம் என்கிறது. வாளை ஒழுங்காகத் தீட்டுவதும், அரியும் கொட்டிலின் வீட்டுப் பக்கத்தைச் செங்கல்லால் மூடுவதும், பலகை இறக்கும் வேலையை விடியற்காலையில் செய்யாதிருப்பதும் நாளை நீங்கள் முகம்கொடுக்க வேண்டிய முறைப்பாடுகளில் பாதியைக் குறைக்கும்.

கேள்வி: கைத்தொலைபேசிச் செயலியால் அளந்த டெசிபலை அதிகாரிகள் ஏற்பார்களா?
— வாசகர், சாவகச்சேரி

பதில்: சான்றாக ஏற்கமாட்டார்கள். தொலைபேசியின் மைக்கு பேச்சுக்காகச் செய்யப்பட்டது. ஒவ்வொரு கருவியிலும் அளவு வேறுபடும். முறையான ஒலிமானியை அளப்பதற்கு முன்னும் பின்னும் 1000 ஹேட்ஸில் 94 டெசிபல் தரும் அளவுதிருத்தியால் சரிபார்ப்பார்கள். அந்தச் சரிபார்ப்பு அறிக்கையில் எழுதப்படாவிட்டால் அந்த அளவையும் நீங்கள் கேள்வி கேட்கலாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் போன்றவை கட்டணத்துக்கு அளந்து தருகின்றன.

ஆனால் செயலியை எறிந்துவிட வேண்டாம். எந்த நாள், எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிந்தது, எந்த அறையில், யன்னல் திறந்தா மூடியா, காற்று எப்பக்கம் என்று ஒரு கொப்பியில் எழுதி, பக்கத்தில் செயலி காட்டிய இலக்கத்தையும் குறித்து வாருங்கள். அளக்க வரும் அதிகாரி எந்த நேரத்தில் வந்தால் அந்தச் சத்தத்தைப் பிடிக்கலாம் என்பதை அந்தக் கொப்பியே அவருக்குச் சொல்லும்.